துண்டுக்கு வந்த வாழ்வு

ராஜகுளம் சந்தையில் துண்டு என்று கேட்டால் நூறு ரூபாய். நெடுஞ்சாலையோரம் குளிரூட்டிய கடையில் அதையே ‘ஸ்டோல்’ என்கிறார்கள், ஆயிரத்து எண்ணூறு. அதே பருத்தி, அதே நான்கு முழம். ஓரத்தில் ஓர் அன்னப்பட்சி, முந்தியில் ஒரு யாளி. தொங்கும் சீட்டில், ‘பாரம்பரியத்தால் இன்ஸ்பயர் ஆன டிசைன்’. நம் சினிமாக்காரர்கள் ‘இன்ஸ்பயர்’ ஆனால் ஊர் அதைச் ‘சுட்டது’ என்று சொல்லிவிடும். துணிக்கடைக்கு அந்த ஆபத்து இல்லை.

எந்தப் பாரம்பரியம் என்று கேட்டேன். கடைப்பையன் யாளியைக் காட்டினான்.

துண்டின் பாரம்பரியம் யாளியில் இல்லை, தம்பி. அது தோளில் ஏறியதே பெரும்பாடு. பண்ணையார் எதிரே வந்தால் இறக்கிக் கக்கத்தில் இடுக்கு, இல்லையேல் இடுப்பில் கட்டு! ஊரையே கிறங்கடித்த நாகசுர வித்வானும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்றார்கள். சுயமரியாதைக்காரர்கள் மல்லுக்கு நின்ற பிறகுதான் அவர் தோளில் அது நிலைத்தது. அன்று இறக்கச் சொன்னவர்களின் பேரன்கள் இன்று அதையே போர்த்திக்கொண்டு இலக்கிய விழாவில் முன்வரிசையில் அமர்கிறார்கள். சீட்டில் இதையும் அச்சடிக்கலாமே?

போகட்டும், டிசைன் போடுகிறவர்களுக்கு என் பங்குக்கு ஓர் இலவச யோசனை. பக்கத்திலேயே உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. 919, 921ஆம் ஆண்டுகள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எடுத்துப் பேசியது. அந்த எழுத்தைத் துணியில் இறக்கி ‘ஜனநாயகத் துண்டு’ என்று பெயர் வையுங்கள். இன்னும் ஆயிரம் ஏற்றலாம்.

எந்த வரியை அச்சடிப்பது என்பதில்தான் சிக்கல். குடத்தில் பெயர் போட, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதமும் தெரிந்திருக்க வேண்டும். சதுர்வேதிமங்கலத்துப் பிராமண சபை அது. கூடுதலாக ஓதியவருக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி உண்டு. நெய்கிறவனுக்குத் தறி உண்டு, ஓலை இல்லை. பெண்ணுக்கும் குடம் உண்டு, தண்ணீர் எடுக்க.

அந்த வரிகளை நீங்கள் கத்தரித்துவிடுவீர்கள் என்று தெரியும். மேடையில் முழங்குகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அதே சுவரில் எனக்குப் பிடித்த வரி ஒன்று இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் ஏறக் கூடாது. அவன் மட்டுமா? அவன் அப்பன், மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரை ஒருவனும் கூடாது! உறவுமுறையை ஒவ்வொன்றாக எண்ணி அடைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே மருமகன் வரைக்கும் யோசித்திருக்கிறான்யா!

அந்த வரியைக் கொட்டை எழுத்தில் நெய்யுங்கள். பொன்னாடைக்குத் தோளை நீட்டும் ஒவ்வொரு தலைவருக்கும் ஒன்று போர்த்துங்கள். பேருந்து ஜன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடிக்கிறோமே, அதுபோல அப்பன் இறங்குமுன்பே தொகுதியில் மகனுக்குத் துண்டு போடும் வீடுகள் எல்லாக் கட்சியிலும் இருக்கின்றன. எப்படிச் சிரித்துக்கொண்டே போர்த்திக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம்.

“பில் போடவா சார்?” என்றான் பையன்.

“இதை நெய்தவருக்கு எவ்வளவு போகும்?”

அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் சலவைக் குறிப்பு இருந்தது.