மலை இல்லாத ஊரின் மலை

எங்கள் ஊரைச் சுற்றிக் கரிசலும் கருவேலமும்தான். இங்கே மலை இருந்தது என்பதை எப்படி நம்ப?
- திருச்சுழி வாசகர்

உங்கள் மண்ணுக்கு அடியில் கிடப்பது கொடைக்கானல், ராஜபாளையம் வரை பரவிய பழம்பாறை. புவியியலாளர்கள் அந்த நிலப்பரப்பை ‘மதுரை பிளாக்’ என்பார்கள். ராஜபாளையம் பக்கத்துப் பாறைகளில் சில 900 டிகிரிக்கு மேல் வெந்தவை. அந்தச் சூடும் அழுத்தமும் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில்தான் உண்டு. அப்படி வெந்த பாறை இன்று வெயிலில் கிடக்கிறதென்றால், மேலே இருந்ததெல்லாம் கரைந்து போய்விட்டது. நீங்கள் நடப்பது மலையின் வேர் மீது.

கல்லுக்கு வயது பார்ப்பது எப்படி?
- அருப்புக்கோட்டை வாசகர்

பாறைக்குள் சிர்கான் என்று மணலைவிடப் பொடியான படிகம் இருக்கும். உருவாகும்போது அது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவே விடாது. ஆகவே பிறகு அதற்குள் காணும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235க்கு 70 கோடி ஆண்டு. வேகம் வேறான இரண்டு கடிகாரங்கள் ஒரே படிகத்துக்குள்! இரண்டும் ஒரே விடை சொன்னால் நம்பலாம். இயற்கை தந்த இந்தச் சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

ஒரே கல்லுக்கு இரண்டு வயது சொல்கிறார்களே, குழப்பமா?
- காரியாபட்டி வாசகர்

குழப்பமே இல்லை, அதுதான் புதையல். மர வளையம்போல சிர்கானும் சுற்றிச் சுற்றி வளரும். மதுரை பிளாக்கில் நடுப்பகுதி 250 கோடி ஆண்டு, விளிம்பு சுமார் 55 கோடி ஆண்டு என்று காட்டும் படிகங்கள் உண்டு. லேசராலோ அயனிக் கற்றையாலோ புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கிறார்கள். கல்லின் வயது என்னவென்று கேட்பதைவிட, அதில் பதிந்த எந்த நிகழ்ச்சியின் வயது என்று கேளுங்கள்.

55 கோடி ஆண்டுக்கு முன் அப்படி என்னதான் நடந்தது?
- கமுதி வாசகர்

இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் மோதி ஒட்டின. கோண்ட்வானாக் கண்டம் பிறந்தது, இடையில் மலைத்தொடர் எழுந்தது. இலங்கைப் பாறைகளும் மடகாஸ்கர் பாறைகளும் ஏறக்குறைய இதே காலத்தைச் சொல்வது அதனால்தான். இமயத்தை எழுப்பிய மோதலுக்கு வயது சுமார் 5 கோடிதான்.

அப்படியானால் மேற்குத் தொடர்ச்சி மலை அந்தக் கோண்ட்வானா மலையின் மிச்சமா?
- ராஜபாளையம் வாசகர்

பாறை அதுவே, மலை அது அல்ல. கோண்ட்வானா மலை கரைந்து தீர்ந்து வெகுகாலம் கழித்து, சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. இன்றைய மலைச்சரிவின் கதை அந்தப் பிரிவோடு சேர்ந்தது.

சிர்கானைக் கண்ணால் பார்க்க முடியுமா?
- திருச்சுழி வாசகர்

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போங்கள். மலைகள் கரைந்து சேர்ந்த அந்தக் கருமணலிலிருந்து சிர்கானையும் மோனசைட்டையும் பிரித்தெடுக்கிறார்கள். மோனசைட்டும் வயது சொல்லும் படிகம்தான்.