வெண்ணெய் இருக்க வேண்டிய இடம்: பேர்னேஸ் சாஸும் குடலை இட்லியும்

வாட்டிய இறைச்சித் துண்டின் தலையில் வெண்ணெய்ச் சாஸை ஊற்றுவது பிரெஞ்சு மரபு. காஞ்சிபுரத்தார் வெண்ணெயை நெய்யாக்கி, பண்டத்துக்குள்ளேயே வைத்து வேகவைத்துவிட்டார்கள். இவ்விரண்டில் முதிர்ந்த நாகரிகம் எது என்பதே இக்கட்டுரையின் வினா. விடை முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிட்டது. ஆய்வு மரபும் அதுதானே.

முதலில் எதிர்த்தரப்பு. பாரிசை அடுத்த சான் ஜெர்மான் ஆன் லே என்ற ஊரில், நான்காம் ஹென்றி மன்னரின் பெயர் கொண்ட உணவு விடுதியில், 1830களில் பேர்னேஸ் சாஸ் பிறந்தது என்பார்கள். 1553இல் அம்மன்னர் பிறந்த பேர்ன் நாட்டின் பெயரைச் சாஸுக்கு வைத்தார்கள். சாஸுக்கும் அந்த நாட்டுக்கும் வேறு கொடுக்கல் வாங்கல் கிடையாது.

சிறு வெங்காயம், இடித்த மிளகு, டாராகன் என்னும் வாசனைத் தழை ஆகியவற்றை வினிகரில் சுண்டவைத்து ஆற்ற வேண்டும். முட்டை மஞ்சள் கருவைச் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து நுரைக்க அடிக்க வேண்டும். பிறகு உருக்கித் தெளியவைத்த வெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கை ஓயாமல் அடிக்க வேண்டும். வெண்ணெயும் வினிகரும் இயல்பில் ஒட்டாதவை. காஞ்சிப் பட்டில் ஒரு நிற உடலையும் வேறு நிறக் கரையையும் கோர்வை இணைப்பதுபோல, மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் இவற்றை இணைக்கிறது. ஆனால் கோர்வை போட்ட சேலை பேத்தி கல்யாணத்துக்கும் வரும். சாஸோ, சூடு 70 டிகிரியை நெருங்கினாலே முட்டைப் பொரியலாகிவிடும். அவசரப்பட்டு வெண்ணெயைக் கொட்டினால் பிரிந்துவிடும். ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு மறுபடி அடித்தால் சில வேளை சேரும். இத்தனை பாட்டுக்கும் அதன் ஆயுள் ஓரிரு மணி நேரம்.

இனி நம் தரப்பு. வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி. அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, ஆவியில் மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். நீளமாக வருவதை அறுத்துத்தான் தர வேண்டும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். மிளகு இரு தரப்பிலும் உண்டு. வினிகர் தரும் புளிப்பை இங்கே மாவே தயாரித்துக்கொள்கிறது. டாராகனின் வாசனைப் பொறுப்பை மந்தாரை இலை ஏற்கிறது. தெளியவைத்த வெண்ணெயை இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் விட்டால் நெய். பிரெஞ்சுக்காரர் பொறுமையிழந்து இறக்கிவிட்டார்கள். வெங்காயத்துக்குக் கோயில் மடைப்பள்ளியில் இடமில்லை. அதன் வேலையைப் பெருங்காயம் பார்க்கிறது. முட்டையும் நுழைய முடியாது. உளுந்தின் வழவழப்பே மாவைக் கட்டிப்பிடித்து, நெய்யைக் கசியவிடாமல் வைத்துக்கொள்கிறது. ஆக, சாஸின் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஊற்றுவதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. (இறைச்சித் துண்டுக்கு நிகர் எது என்பதைச் சந்நிதித் தெருவில் நின்று விவாதிப்பது ஆய்வாளரின் உடல்நலத்துக்கு ஏற்றதல்ல.)

வியப்பு என்னவென்றால், இடையில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடுங்கிவைத்திருந்த காலம் போக, 1954 வரை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிதான். காஞ்சிபுரம் அங்கிருந்து ஒரு நாள் பயணம்கூட இல்லை. இருந்தும் ஆளுநர் மாளிகைச் சமையல்காரர் எவரும் இங்கு வந்து மடைப்பள்ளி வாசலில் நின்றதாகச் செய்தி இல்லை.

நெய் உள்ளே இருப்பதற்குச் சான்று கேட்பவர்கள், ஒரு துண்டைப் பிட்டுத் தின்றபின் விரல் நுனியைப் பார்க்கலாம். அதன் மேலும் மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்துத் தொட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது எண்ணெய்க்கு எண்ணெய் துணை என்ற அளவில் மன்னிக்கத்தக்கது. சாம்பாரில் ஊறவைத்துத் தின்பவர்கள் இவ்வாய்வின் வரம்புக்குள் வரமாட்டார்கள்.