செப்பிலியும் விரத நாட்காட்டியும்: இரத்மலானைக் கரையோரத் தூண்டில் பற்றிய ஓர் ஆய்வு

செப்பிலி இந்து சமுத்திரத்திலும் மேற்குப் பசிபிக்கிலும் வாழும் செந்நிற மீன். 1775இல் வெளிவந்த இயற்கையியலாளர் ஃபோர்ஸ்காலின் நூலில் அதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. சிங்களத்தில் அது தம்பலயா. குஞ்சுகள் களப்பிலும் ஆற்று வாயிலும் வளரும். பெருத்தவை வெளிக்கடற் பார்களுக்குப் போய்விடும். பகலில் கல்லிடுக்கில் ஒதுங்கிக் கிடந்து இரவில் இரை தேடும் சுபாவமுடையது. இந்தச் சுபாவம் மீனியலாளருக்கு ஒரு தகவல். இரத்மலானைக் குடும்பத்தவருக்கோ வீட்டுப் பிரச்சினை.

கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையிலிருந்து தூண்டிலோடு புறப்படுபவர் வடக்கே வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலில் விழும் இடங்களுக்குப் போகலாம். ரயில் பாதையைக் கடலரிப்பிலிருந்து காக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களில் ஏறி நிற்கலாம். தெற்கே லுணாவ களப்பின் வாய்க்கும் போகலாம். கடைசியிடத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். குஞ்சு வளர வேண்டிய அந்தக் களப்பில் இரத்மலானைத் தொழிற்சாலைகளின் கழிவு நெடுங்காலம் போய்ச் சேர்ந்தது.

உபகரணம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தங்கூசி, ஈயம், முள், இறால். இறாலை வாற்பக்கமாகக் கோத்து, முள்ளின் நுனி மட்டும் தெரிய விடவேண்டும். எறிந்தபின் தங்கூசியை ஆட்காட்டி விரலில் தாங்கி நிற்பது மரபு. செப்பிலி இரையைக் கவ்வியதும் கல்லிடுக்குக்குத் திரும்பி ஓடும். அந்த ஒரு நொடியில் இழுக்காதவருக்கு ஈயமும் முள்ளும் நட்டம். விரலில் தட்டியது மீனா, பின்னால் போகும் மருதானை ரயிலின் அதிர்வா என்பது இத்துறையில் தீராத வழக்கு.

இனிப் பருவமும் தடையும். பிற நாடுகளில் மீன்பிடிக்குத் தடை போடுவது சட்டம். அமெரிக்காவில் சிவப்பு மீன் என்று கொண்டாடப்படுவது வேறு குடும்பம். வாலடியில் கரும்புள்ளி உடையது. புளோரிடாவில் 18 அங்குலத்துக்குக் குறைந்ததையும் 27 அங்குலத்துக்குக் கூடியதையும் கடலில் விட்டுவிட வேண்டும். 2007 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், சமஷ்டிக் கடற்பரப்பில் பிடிபட்ட அம்மீனின் விற்பனையைத் தடுக்க ஆணையொன்றில் கையெழுத்திட்டார். இரத்மலானைச் சைவ வீட்டில் இத்தனையையும் கையெழுத்தே இல்லாமல் செய்து முடிப்பது சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டி.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கல்லில் நிற்க முடியாது. கடல் அடங்கத் தொடங்கும்போது நவராத்திரியும் புரட்டாசிச் சனியும் வருகின்றன. ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாள். கடல் நன்றாகப் பணிந்து, நீர் தெளிந்து, கற்களைத் தேடி மீன் வரும் கார்த்திகை, மார்கழியில் பிள்ளையார் பெருங்கதை இருபத்தொரு நாள், திருவெம்பாவை பத்து நாள். வீட்டில் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் நாற்பத்தொரு நாள் மச்சச் சட்டி கவிழ்ந்தே கிடக்கும். இவற்றுக்கு வெளியே வெள்ளிக்கிழமை என்றொன்று வாராவாரம் தவறாமல் உண்டு.

வற்றுப்பெருக்கு நிலைமை இதைவிட மோசம். கொழும்பில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. அதிலும் பூரணைக்கும் அமாவாசைக்கும்தான் ஓட்டம் சற்றுக் கூடி இரை நகரும், செப்பிலி வெளியே வரும் என்பது தூண்டில்காரர் கொள்கை. பூரணை போயா விடுமுறை. நேரமுண்டு, ஆனால் ஊரே சில் எடுத்திருக்கும் நாளில் உயிரொன்றைக் கல்லில் துடிக்க விடுவது அழகல்ல. அத்தோடு தாயில்லாதவருக்குப் பூரணை விரதம், தகப்பனில்லாதவருக்கு அமாவாசை விரதம். இருவரும் உயிரோடிருப்பவர் மட்டுமே இரு வெள்ளத்துக்கும் உரியவர். அவர் பெரும்பாலும் இளவட்டம். அவரிடம் தூண்டில் இருக்காது.

வியாழன் இரவில் பட்ட மீன் தனிக் கவனத்துக்குரியது. நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில் முள்ளில் ஏறிய செப்பிலி வியாழனுக்குரியதா, வெள்ளிக்குரியதா? பஞ்சாங்கக் கட்சி, சூரிய உதயம் வரை வியாழனே என்று வாதாடும். மணிக்கூட்டுக் கட்சி பன்னிரண்டோடு வழக்கை முடித்துவிடும். சமையலறை எந்தக் கட்சியிலும் இல்லை. “விடிஞ்சால் வெள்ளி எண்டு தெரியாதோ? அதை உள்ளுக்குக் கொண்டு வராதேங்கோ” என்ற அதன் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

அடுத்த கேள்வி மீனை எங்கே வைப்பது என்பது. மச்சம் வாசற்படியே தாண்டக்கூடாது என்பது கடும்போக்கு. பின்புறக் குழாயடியில் செதில் உரித்து, வயிறு கீறி, மஞ்சளும் உப்பும் தடவி, இரண்டு ஷொப்பிங் பையில் சுற்றி, ஐஸ் பெட்டியின் அடித்தட்டில் வைக்கலாம் என்பது மிதவாதம். இப்பிரிவினர் அதே பெட்டியின் மேற்தட்டில் அர்ச்சனைப் பூ இருப்பதை வசதியாக மறந்துவிடுவர். ஐஸ் பெட்டி முழுவதுமே ஓர் அறைதானா, தட்டுக்குத் தட்டு தனியறையா என்பதில்தான் முழு வழக்கும் தங்கியிருக்கிறது.

நடைமுறையில் மீன் மதில் தாண்டிப் போகிறது. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கருக்குத் தவக்கால வெள்ளியில் இறைச்சிதான் விலக்கு, மீனுக்குத் தடையில்லை. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்வந்த கையோடு செப்பிலித் தலையைச் சமைக்கலாம். இரவெல்லாம் கல்லில் நின்றவருக்கு மிஞ்சுவது உள்ளங்கையில் தங்கூசி வெட்டிய கோடும் சட்டையில் ஒட்டிய செதிலும்.

ஆனால் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது அயலில் வழக்கமில்லை. அன்று மத்தியானமே அது தேங்காய்ப்பாலும் கொறுக்காயும் போட்ட மீன் குழம்போடு மூடி போட்டு வந்து சேரும். அதை எந்தத் தட்டில் வைப்பது என்ற விவாதம் அத்துடன் மறுபடி தொடங்கும்.