கடல் பார்த்த ரூம்

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் பிரெஞ்சுக்காரனுக்கும் டென்மார்க்காரனுக்கும் சண்டை. பிள்ளையும் மருமகளும் அரைப்பரீட்சை லீவுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து வருகிறார்கள். ஜெயங்கொண்டத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு, “எங்கயாவது தண்ணிப் பக்கம்” போக வேண்டுமாம். மருமகளுக்குப் புதுச்சேரி, பிள்ளைக்குத் தரங்கம்பாடி. செல்போனில் படங்கள் வந்து விழுகின்றன. மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண், காகிதப்பூக் கொடி, நடுவில் ஒரு காபிக் கோப்பை. எனக்கு இரண்டும் ஒரே ஊராகத்தான் தெரிகிறது. சொன்னதற்கு, “ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்றான்.

தெரியாமல் என்ன? எங்கள் காலத்திலும் இந்தச் சண்டை உண்டு. 1970-களில் எங்கள் ஊர் திருச்சி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா. (அப்புறம் வீடு மாறாமலே பெரம்பலூர் மாவட்டம், அரியலூர் மாவட்டம், மறுபடி பெரம்பலூர், 2007 முதல் மறுபடி அரியலூர் என்று குடியிருந்தாயிற்று. தனியாகச் சுற்றுலா எதற்கு என்று நான் கேட்பதில் நியாயம் இருக்கிறது.) ஆடி பதினெட்டு நெருங்கினால் திண்ணையில் பேச்சு கிளம்பும்: இந்த வருசம் அணைக்கரையா, பொன்னேரியா?

பொன்னேரி கிட்டம். ஆனால் ஆடியில் அதில் தண்ணீரைவிட மாடு அதிகம். அதனால் ஒவ்வொரு வருசமும் அணைக்கரைதான். ஆனாலும் பொன்னேரியையும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள், பெண் பார்க்கப் போகும்போது கையில் இரண்டாவது ஜாதகம் ஒன்று இருப்பதுபோல.

முந்தின ராத்திரியே வண்டி கட்டிவிடுவார் அப்பா. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, கொல்லை முந்திரிக்கொட்டையைச் சுட்டு உடைத்த பருப்பு. பெண்கள் மடியில் காப்பரிசியும் காதோலை கருகமணியும். கொள்ளிடத்தில் செம்மண் கலங்கலாகப் புதுத்தண்ணீர் நுரைத்துப் போகும். இன்றைக்குக் கடல் பார்த்த ரூம் என்கிறார்களே, அது அன்றைக்கு ஆறு பார்த்த மரநிழல். அட்வான்ஸ் கிடையாது. ஜமுக்காளத்தை விரித்து அத்தையை உட்கார வைத்தால் புக்கிங் முடிந்தது. அத்தையை எழுப்ப இன்னொருத்தன் பிறந்து வர வேண்டும்.

அணைக்கரையில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே நிற்கும் அணையை 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டினார்கள். அதற்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் பெரிய சுற்றுமதிலை உடைத்து எடுத்துப் போனார்களாம். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகப் பேச்சு. அது பேச்சோடு சரி. ஆக, எங்கள் ஊர்க் கல்லைப் பார்த்துவர நாங்கள் வருசாவருசம் வண்டி கட்டிப் போயிருக்கிறோம்.

வேண்டாம் என்று தள்ளிய பொன்னேரி சாதாரண ஏரியில்லை. கங்கை வரை படை அனுப்பிய முதலாம் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் அது. கரை மட்டும் 16 மைல் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத் தண்ணீராலான வெற்றித்தூண் என்று புகழ்கிறது. பக்கத்திலேயே தலைநகரம், அரண்மனை, 1279-ல் சோழர் ஆட்சி முடியும்வரை ஏறத்தாழ 250 வருசத்துக்கு. ஏரி பார்த்த ரூம்கள் அங்கே எத்தனை இருந்திருக்கும்! நாங்கள் வளர்ந்த காலத்தில் அந்த வெற்றித்தூணில் எருமை குளித்துக்கொண்டிருந்தது.

சண்டைக்கு வருகிறேன். புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 1674-ல் வந்து, 1954-ல்தான் நிர்வாகத்தை விட்டார்கள். 1980-களின் கடைசியில் துறைமுகம் வந்த பிறகு கடற்கரை மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது நெடுகக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். கருங்கல் பார்க்க அரியலூர்க்காரன் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று பிள்ளை கேட்டான். தரங்கம்பாடியோ தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் 1620-ல் டென்மார்க்காரனுக்கு விட்ட இடம். 1845-ல் வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டுப் போனான். அங்கேயும் மாசிலாமணிநாதர் கோயிலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. ஒருவன் ஊரில் மணல் போச்சு, இன்னொருவன் ஊரில் கோயில் போச்சு. ரூம் வாடகை மட்டும் குறையவில்லை. ஒரு ராத்திரிக்குச் சொன்ன தொகைக்கு அப்பா அந்தக் காலத்தில் உழவு மாடே பிடித்திருப்பார்.

என் ஓட்டு உள்ளுக்குள் தரங்கம்பாடிக்குத்தான். நாற்பது வருசம் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக் கோத்தவன் நான். 1706-ல் கப்பலிறங்கிய சீகன்பால்கு 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த ஊர் அது. அந்த மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வாயைத் திறப்பதற்குள் என் சம்சாரம், “மணக்குள விநாயகரப் பாத்து வருசமாச்சு” என்றாள். டென்மார்க்காரன் அத்தோடு தோற்றான்.

புதுச்சேரிக்குப் புறப்பட்ட அரை மணியில் பேரனுக்கு அவசரம். சோழபுரத்துக்கு முன்னால் வண்டியை ஏரிக்கரைப் பக்கம் திருப்பச் சொன்னேன். மார்கழி மாதம், தண்ணீர் கிடந்தது. கொக்குகள் நின்றன. மருமகள் இறங்கி நாலு படம் எடுத்து சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். சிறுவன் திரும்பி வருவதற்குள் பதில் வந்துவிட்டது: “செம வியூ! எந்த ரிசார்ட்? ரூம் இருக்கா?”

“என்ன மாமா சொல்லட்டும்?” என்று சிரித்தாள்.

“ரூமெல்லாம் 1279-லயே காலி பண்ணிட்டாங்கன்னு சொல்லும்மா.”

அவள் அதைத் தட்டவில்லை. “வழியில ஏதோ ஏரி” என்று பதில் போனது.