படியில உக்காந்தா அபராதம்

பத்து நாள், ஏழு தேசம். காலையில இட்லி, ராவுக்குச் சப்பாத்தி. அப்படித்தானே தம்பி, டூர்க்காரன் நோட்டீசுல போட்டிருந்தான்? ஜூன் 12-ல மேட்டூர் தொறக்கறதுக்குள்ள திரும்பிடலாம்னு கணக்குப் போட்டு, பொண்டாட்டி, புள்ளைங்க, அம்மா, மாமியான்னு குடும்பத்தோட ஐரோப்பா போயிட்டு வந்துட்டே. நல்லாருக்கட்டும். வாட்ஸப்புல போட்டோவெல்லாம் பாத்தேன். எல்லாத்துலயும் பல்லைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கிறிய. ஒருத்தர் மூஞ்சியிலயும் கால்வலி தெரியலையே, அது எப்படிடா?

எனக்கு வெவரம் வேற வழியா வந்துடுச்சு. ஒன் மாமியா பால்காரன்கிட்ட சொல்ல, அவன் டீக்கடையில சொல்ல, அங்கேருந்து எங்கிட்ட வந்து சேந்துச்சு. என் மவனும் ஒரு வருசம் என்னை அந்தப் பக்கமெல்லாம் இழுத்துக்கிட்டுப் போனவன்தான். அதனால எங்கிட்ட பூசி மெழுகாதே.

ஒண்ணுக்குப் போக ஒரு யூரோவா, நம்ம காசுக்கு நூறு ரூபாயான்னு ரயிலடியில அடக்கிக்கிட்டு நின்னியாமே? லட்சக்கணக்குல கட்டிப்புட்டுப் போனவன்! ஆனையை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுதானாம். ரோம்ல வேற பாட்டில் பாட்டிலாத் தண்ணி வாங்கியிருக்கே. அந்த ஊர்ல தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயை நட்டு வச்சு, நல்ல தண்ணி ராப்பகலா ஓடுது. ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு. காசு கேக்க ஆளு கெடையாது. காவேரிக் கரையில பொறந்தவன் கண்ணுக்கு ஓடற தண்ணி தெரியலையா? எங்க தெரியும்? நீதான் போன்ல கடையைத் தேடிக்கிட்டு இருந்தியே.

வெனிஸ்ல பெரிய சதுக்கத்துல ஒன் மாமியா மடியில வச்சிருந்த பொரியைப் புறாவுக்கு எறைச்சதையும், அந்தச் சதுக்கத்துல புறாவுக்குத் தீனி போடறது 2008-லேருந்தே தடைன்னு அப்புறமாத் தெரிஞ்சு நீங்கல்லாம் நைசா நழுவினதையும் விடு.

அந்தப் படிக்கட்டுச் சங்கதிக்கு வா. அதை நெனைச்சா இன்னும் சிரிப்பு அடங்கலை. ரோம்ல ஸ்பானியப் படிக்கட்டுன்னு ஒண்ணு, 135 படி. ஏறி எறங்கினதுல ஒன் அம்மாவுக்கு முட்டி புடிச்சுக்கிச்சு. உக்காந்துட்டா. நியாயந்தானே? திருவையாத்துப் படித்துறையில உக்காந்து கால் நனைச்சே வளந்த மனுசி. படியிருக்கறது வேற எதுக்கு? விசிலை ஊதிக்கிட்டு வந்துட்டானாம் போலீசுக்காரன். 2019-லேருந்து அங்க அதுதான் சட்டம். படியில யாரும் உக்காரப்படாது. உக்காந்தா 250 யூரோ அபராதம் போடலாம். கொள்முதல் நெலையத்துல ஈரப்பதம் பாக்கறவன் மொகத்தைப் பாத்துக்கிட்டே நின்னு, பத்து குவிண்டால் நெல்லைக் கொட்டினாத்தான் அந்தக் காசு. ஒரு தடவை குந்துனதுக்குப் போயிருக்கும்டா! நம்ம ஊர்ல அந்தச் சட்டம் வந்தா, திண்ணைக்குத் திண்ணை ஒருத்தன் செயிலுக்குப் போவான். மொத ஆளு நான்.

ஒன் அம்மா என்ன பண்ணிச்சு? முட்டியைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அவன் சிரிச்சுட்டு, கையைப் புடிச்சுத் தூக்கி விட்டானாம். ஏழு தேசத்துல ஒரு ஊர்க்காரனோட நீங்க கொண்ட ஒறவு அது ஒண்ணுதான். அதுக்கு மட்டும் ஏண்டா போட்டோ இல்லை?

பாரீசுல மோனலிசாவைப் பாத்தேன்ங்கிறே. பாத்தியா? அந்தப் படம் உயரம் 77 சென்டிமீட்டர். ரெண்டு முழங்கூடக் கெடையாது. முன்னால நூறு பேரு செல்போனைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். நீ பாத்தது முன்னாடி நின்னவன் போன்ல தெரிஞ்ச மோனலிசாவை. எதிர்ச் சுவத்துல ஒரு கல்யாணப் பந்தி, வெரோனீசுன்னு ஒருத்தன் எழுதினது, பத்து மீட்டர் நீளத்துக்குக் கெடக்கு. பரிமாறறவன், வாசிக்கிறவன், நாய் பூனை எல்லாம் உண்டு. அதுக்கு அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. பந்திக்கு முதுகைக் காட்டறவனைத் தஞ்சாவூர் சில்லாவுல நீ பாத்திருக்கியா?

பைசாவுல கோபுரத்தைக் கையால தாங்கறாப்ல குடும்பமே போஸ் குடுத்திருக்கிய. 1173-ல அஸ்திவாரம் போட்டான். அடியில பொதபொதன்னு களிமண்ணு. மூணாம் நெலை எழும்பறதுக்குள்ள சாயத் தொடங்கிடுச்சு. 1990-ல மூடி, ஒசந்த பக்கத்து மண்ணைத் தோண்டி எடுத்துக் கொஞ்சம் நிமித்தி, 2001-ல தொறந்தான். முழுசா நிமித்தலை. கெட்டிக்காரன்! நிமித்திட்டா யாரு வருவா? ராசராசன் 1010-ல முடிச்ச கோயில் 200 அடிக்கு மேல நேரா நிக்குது. அந்த மனுசனுக்கு யாவாரம் தெரியலை.

நெப்போலியன் சமாதியையும் டிக்கெட் வாங்கிப் பாத்தியாம். அவன் விழுந்ததைக் கொண்டாடி நம்ம சரபோஜி ராசா கட்டின மனோரா, மல்லிப்பட்டினத்துப் பக்கம் கடலைப் பாத்துக்கிட்டு எட்டு நெலையா நிக்குது. பட்டுக்கோட்டையில பஸ் ஏறினாப் போதும். போயிருக்கியா? கல்லுல 1814-ன்னு வெட்டியிருக்கு. இதுல வேடிக்கை, அந்த ஆளு அடுத்த வருசமே திரும்பி வந்து வாட்டர்லூவுல இன்னொரு தடவை தோத்தான். நம்ம ராசா கொஞ்சம் முந்திக்கிட்டாரு.

அடுத்த வருசம் டென்மார்க்குன்னு பேச்சாமே. மறுபடியும் மெட்ராசுக்குப் போவே. கைரேகை ஏற்கெனவே வச்சிட்டே; பேங்குக் கணக்கைக் காட்டுவே, 30,000 யூரோவுக்கு இன்சூரன்சு எடுப்பே, ஊருக்குத் திரும்பிடுவேன்னு நம்ப வைப்பே. அந்த ஊர்க்காரன் 1620-ல தரங்கம்பாடிக்கு வந்தான். ரகுநாத நாயக்கர் எடங்குடுத்தாரு. வருசத்துக்கு இவ்வளவு தர்றேன்னு பேசிக் கோட்டையைக் கட்டிக்கிட்டான். கெளம்பினது எப்போ? 1845-ல. அதுவும் இங்கிலீசுக்காரனுக்கு வித்துக் காசாக்கிட்டு. அவன்கிட்ட எவனாச்சும் கைரேகை கேட்டானா?

பாரத்துல எதுக்கு வர்றேன்னு ஒரு கட்டம் இருக்குமில்ல, தம்பி? ஊர் சுத்திப் பாக்கன்னு எழுதாதே. தரங்கம்பாடி வாடகைக் கணக்கைச் சரிபாக்க வர்றோம்னு எழுது. என் பாஸ்போர்ட்டு இன்னும் காலாவதி ஆகலை. என் பேரையும் சேத்துக்க.