ஃபில்ட்டரை மாத்தவே மாத்தாதே, மாப்ளே!

மாப்ளே, டீசல் ஃபில்ட்டரை மட்டும் மாத்தவே மாத்தாதே. கலாசிபாளையத்து மெக்கானிக்குக்கு ரெண்டு பொண்ணு. ஒண்ணு இன்ஜினியரிங் படிக்குது, இன்னொண்ணு அடுத்த வருஷம் சேரப்போகுது. உன்னை மாதிரி ஆளுங்க காலாகாலத்துல ஃபில்ட்டர் மாத்திட்டா அதுங்களுக்கு பீஸை யாரு கட்டறது? ஊருக்கு உபகாரமா இருக்கற ஆளு நீ. அப்படியே இரு.

உன் சிக்கனத்தைப் பத்தி எனக்கு ரொம்பப் பெருமைடா. 2022 மே மாசத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் சென்னையில டீசல் 94 ரூபா 24 காசு, பெங்களூருல 87 ரூபா 89 காசு. அந்த ஆறு ரூபாய்க்காக கிருஷ்ணகிரியில இருந்து முக்கி முனகி ஓசூரைத் தாண்டி, அத்திப்பள்ளி வந்துதான் டேங்கைத் திறப்பே. இதெல்லாம் சம்சாரிக்கு வேண்டிய புத்திதான். ஆனா அப்படி மிச்சம் பிடிச்சு ஊத்தின டீசல் எது வழியா இன்ஜினுக்குப் போகுதுன்னு ஒருநாளாவது குனிஞ்சு பார்த்திருக்கியா? மாங்காய்க் கூடையை எண்ணறதுக்கே உனக்கு நேரம் பத்தலை.

எங்க காலத்து வண்டி வேற. 1951-ல ஆரம்பிச்ச மைகோ கம்பெனி இதே பெங்களூரு ஆடுகோடியில பம்பு பண்ணிச்சு. 2008-ல அது பேரை போஷ்னு மாத்திட்டாங்க. பழைய மெக்கானிக்குங்க வாயில இன்னமும் 'மைகோ பம்பு'தான். அந்தப் பம்பு கொஞ்சம் அழுக்குப் போனாலும் இருமிக்கிட்டே ஓடும். உன் பிக்கப்ல இருக்கறது காமன் ரயில் இன்ஜின். உன் பின் டயர்ல இருக்கற காத்து நாலஞ்சு பார் இருந்தா அதிகம். இன்ஜெக்டருக்குப் போற டீசல் 1,600 பார் அழுத்தத்துல போகுது. மனுஷன் தலைமுடி சுமாரா 70 மைக்ரான் தடிமன். இன்ஜெக்டர் ஊசிக்கும் அதோட உறைக்கும் நடுவுல இருக்கற சந்து ரெண்டு மூணு மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியற தூசிக்கு அங்க வேலையே இல்லை. கண்ணுக்குத் தெரியாததுதான் போய் உரசும்.

இதையெல்லாம் சொன்னா, "மாமா, போன தடவை காம்ப்ரெஸர்ல காத்தடிச்சுத் திரும்ப மாட்டிட்டேன்"னு சிரிக்கிறே. பலே! ஏர் ஃபில்ட்டருக்குப் பண்ற சேட்டையை டீசல் ஃபில்ட்டர்கிட்டயும் பண்ணிட்டே. உள்ள இருக்கற காகிதம் அந்தக் காத்துல கிழிஞ்சா, அடைச்சிருந்த அழுக்கு மொத்தமும் நேரா பம்புக்குப் போகும். கிழிஞ்ச ஃபில்ட்டரோட வண்டி ஜோராத்தான் இழுக்கும். தடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லையே!

சரி, எப்போ மாத்தறது? அதுக்குக் கம்பெனிக்காரன் ஒரு புத்தகம் கொடுத்தான். சீட்டுக்கு அடியில, பழைய லாரி ரசீதுக்கும் வெத்தலைப் பைக்கும் நடுவுல கிடக்கும். வண்டிக்கு வண்டி கணக்கு வேற. ஒண்ணுல 10,000 கிலோமீட்டர்னு இருக்கும், இன்னொண்ணுல 20,000, 40,000-னு கூட இருக்கும். பக்கத்து வண்டிக்காரன் சொன்னான்னு அவன் கணக்கை உன் வண்டிக்குப் போடாதே. புத்தகத்துல இருக்கறதும் கடைசி எல்லைதான். தூசி, மோசமான டீசல், நின்னு நின்னு போற ஓட்டம்னா முன்னாடியே மாத்தணும். பெங்களூருல இந்த மூணுல எது இல்லைன்னு நீயே சொல்லு.

இங்கதான் உன் கணக்கு ஓட்டை. ஃபில்ட்டருக்குக் கிலோமீட்டர் தெரியாது மாப்ளே, டீசல்தான் தெரியும். சில்க் போர்டு சிக்னல்ல முக்கால் மணி நேரம் நிக்கிறே. மீட்டர்ல ஒரு கிலோமீட்டர்கூட ஏறலை. ஆனா இன்ஜின் ஓடுது, பம்பு டீசலை இழுத்துக்கிட்டே இருக்குது. எரிஞ்சது போக மிச்சம் ரிட்டர்ன் குழாய் வழியா டேங்குக்கே திரும்பி, மறுபடி ஃபில்ட்டருக்கு வருது. ஒரே டீசலை அந்தக் காகிதம் பல தடவை சலிக்குது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவுல ஓட்டற 20,000-மும், மார்க்கெட்டுக்கும் மடிவாளாவுக்கும் நடுவுல ஊர்ற 20,000-மும் ஒண்ணாகாது. ஊருக்குள்ளேயே உழல்ற வண்டிக்கு நான் புத்தகக் கணக்குல கால்வாசியைக் கழிச்சுடுவேன். கிலோமீட்டரே ஓடாம சும்மா நிக்கிற வண்டின்னாலும் வருஷத்துக்கு ஒண்ணு.

அடைஞ்சுபோன ஃபில்ட்டர், நீ கூலி பாக்கி வெச்ச ஆளு மாதிரி. தினமும் வேலைக்கு வருவான், மூஞ்சி சுளிக்க மாட்டான். அறுப்பு அன்னிக்குத்தான் காணாமப் போவான். உன் வண்டியும் காலி ஓட்டத்துல பறக்கும். லோடை ஏத்திக்கிட்டு மேலுமலை ஏத்தத்துல வரும்போது மிதிச்சா இழுக்காது, குலுக்கும், இன்ஜின் விளக்கு எரியும். நீ இறங்கி முன்னாடி போய் எலுமிச்சம்பழத்தை மாத்துவே. காலையில ஸ்டார்ட் ஆக நேரமாகுதுன்னா பேட்டரியைத் திட்டுவே. பாவம் அந்தப் பேட்டரி.

இன்னொரு விளக்கும் இருக்கு, டீசல்ல தண்ணி சேர்ந்தா எரியறது. அது எரிய ஆரம்பிச்சதும் அது மேலே முருகன் ஸ்டிக்கரை ஒட்டினே பாரு, அந்தப் பக்தியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. டீசலுக்கும் தண்ணிக்கும் ஜென்மப் பகைடா. டீசல் இன்ஜினைக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசலே 1913-ல கப்பல்ல இங்கிலாந்து போகும்போது காணாமப் போய், கடைசியில கடல்லதான் பிணமாக் கிடைச்சார். பம்புக்குள்ள இருக்கற இரும்புக்கு டீசல்தான் வழவழப்பு. அங்க தண்ணி போனா வழவழப்பும் போச்சு, துருவும் வந்தாச்சு.

தண்ணி எங்க இருந்து வருதுன்னு கேக்கறியா? பெங்களூரு கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேலே. ராத்திரி ஜில்லுன்னு ஆயிடும். கால் டேங்க் டீசலோட நிறுத்தினா மீதி இடமெல்லாம் காத்து. அந்தக் காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து டேங்க் சுவர்ல துளிர்த்துக் கீழே இறங்கும். காலையில நிரப்பறதை முந்தின நாள் சாயங்காலமே நிரப்பிட்டுப் படு, அவ்வளவுதான். ஃபில்ட்டருக்கு அடியில ஒரு திருகு இருக்கும். கீழே ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடிச்சு அந்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்து. தண்ணி இருந்தா பாட்டில்ல அடியில தங்கும், டீசல் மேலே நிக்கும். சுத்த டீசல் வர்ற வரைக்கும் விட்டுட்டு இறுக்கிடு. இதுக்கு ஒரு பைசா செலவில்லை. அதனாலதான் ஒருத்தரும் செய்யறதில்லைன்னு நினைக்கிறேன்.

அப்புறம் அந்த கேன் டீசல். "பத்து ரூபா கம்மி மாமா"ன்னு யாரோ தோட்டத்துக்குப் பின்னாடி வெச்சு ஊத்தறான், நீயும் வாங்கறே. இதுல எனக்கு கேலி வராது. கோலார் தங்கவயல்ல வளர்ந்த மஞ்சுநாத் சண்முகம்னு ஒரு பையன், இந்தியன் ஆயில் அதிகாரி. உத்தரப் பிரதேசத்துல கலப்பட எரிபொருள் வித்த பங்க்கை மூடினான், மறுபடி சோதிக்கப் போனான். 2005 நவம்பர்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. கலப்படத்தைத் தடுக்க ஒருத்தன் உசிரைக் கொடுத்திருக்கான். நீ காசு கொடுத்துத் தேடிப் போய் வாங்கறே.

பங்க்ல போடும்போது அன்னிக்கு அடர்த்தி எவ்வளவுன்னு எழுதி வெச்சிருப்பாங்க, சந்தேகம்னா அளந்து காட்டச் சொல்லிக் கேக்கலாம். அஞ்சு லிட்டர் அளவுக் குவளையும் இருக்கணும். ஆனா போன வாரம் மாதிரி ஃபில்ட்டர் காகிதத்துல டீசல் சொட்டு விட்டு ஆராய்ச்சி பண்ணாதே. அந்தச் சோதனை பெட்ரோலுக்கு.

புதுசு வாங்க ஜே.சி. ரோட்டுக்குத்தான் போவே. போ, அங்க இல்லாத ஸ்பேர் இல்லை. ஒரே பெட்டி, ஒரே பேரு, பாதி விலைன்னு ஒருத்தன் நீட்டினா மட்டும் ஒரு நிமிஷம் யோசி. பெரிய மார்க்கெட் எல்லாத்துலயும் டூப்ளிகேட் உண்டு. பில் கேளு. பில்லுன்னதும் எவன் மூஞ்சி மாறுதோ அவன்கிட்ட வாங்காதே. மாட்டும்போது சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும்னு கேன்ல இருக்கற டீசலைப் புது ஃபில்ட்டருக்குள்ள ஊத்தாதே. அது சலிக்காத டீசல், சலிச்ச பக்கத்துல விழுந்தா நேரா இன்ஜெக்டருக்குப் போயிடும். கை பம்பை அமுக்கி அமுக்கிக் காத்தை வெளியேத்து. ரெண்டு நிமிஷம் கை வலிக்கும். மாங்காய் தின்ன கைதானே, வலிக்கட்டும்.

கழட்டினதைக் குப்பையில போட்டுடாதே. ஆக்ஸா பிளேடால அறுத்து உள்ளே இருக்கற காகிதத்தை விரிச்சுப் பாரு. லேசா நிறம் மாறியிருந்தா உன் கணக்கு சரி. கன்னங்கரேல்னு பிசுபிசுத்தா அடுத்த தடவை சீக்கிரமா மாத்து. துரு படிஞ்சிருந்தா டேங்கைக் கழட்டிக் கழுவு. எந்தப் புத்தகமும் எந்த மாமனும் சொல்றதைவிட அந்தக் காகிதம் உன் வண்டியைப் பத்திச் சரியாச் சொல்லும். ஃபில்ட்டர் விலை உனக்கு ஒரு நாள் வாடகைக்குள்ள அடங்கும். நாலு இன்ஜெக்டரும் போச்சுன்னா ஒரு மாங்காய் சீசனே போயிடும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வண்டிக்கு லோடு இல்லை. அந்த முருகன் ஸ்டிக்கரைப் பிச்சு மேலே கண்ணாடியில ஒட்டிட்டு, கீழே எந்த விளக்கு எரியுதுன்னு பாரு.