தெருக்குழாய் என்னும் துளைக்கருவி

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நான்கு வகை கண்ட முன்னோர் தெருக்குழாயைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அக்காலத்தில் குடிநீர் வாரியம் இல்லை என்பதால் இதைக் குற்றமாகக் கொள்ள இயலாது. காற்றும் நீரும் இசைப்பதைப் புலவர்கள் கவனித்தே இருந்தனர். அகநானூறு 82ஆம் பாட்டில் கபிலர், துளைபட்ட மூங்கிலில் புகும் கோடைக்காற்றைக் குழலாகவும் அருவியை முழவாகவும் வைத்துக் கச்சேரியே நடத்துகிறார். மயில் ஆடுகிறது, மந்திகள் வியந்து பார்க்கின்றன. தெருக்குழாயில் இவ்விரு பக்கவாத்தியங்களும் ஒரே கருவிக்குள் அடக்கம். சபைக்கும் குறைவில்லை.

நாள் முழுதும் தண்ணீர் வரும் ஊர்களில் இக்கருவி ஊமை. விட்டு விட்டு வரும் ஊரில்தான், நீர் வடிந்த குழாய்களுக்குள் காற்று புகுந்துகொள்கிறது. வால்வைத் திறந்ததும் பின்னால் வரும் நீர் அதை நெட்டித் தள்ளுகிறது. முதலில் ‘உஸ்ஸ்’ என்று நீண்ட சுருதி. அடுத்து காற்றும் நீரும் மாறி மாறி முந்த, ‘களக் புளக்’ எனக் கமகம். பிறகு செம்பழுப்பாக ஒரு துப்பல். ஆலாபனை நீளும்போதே அன்றைய வரத்தைக் கணித்துவிடும் ஞானஸ்தர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ‘வெறும் காத்துதான் வருது’ என்பது அவர்களது விமர்சனம்.

உருப்படி தொடங்குவது குடத்தில். வாய் குறுகிய குடத்தின் சுருதி, உள்ளே எஞ்சும் காற்றின் கன அளவைப் பொறுத்தது. அளவு நான்கில் ஒன்றானால் அதிர்வெண் ஏறத்தாழ இரு மடங்கு. அதாவது முக்கால் குடம் நிறையும்போது கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிடும். குழாய்க்கு முதுகைக் காட்டி ஊர்க்கதை பேசுபவர், சொட்டு வழியாமல் சரியாகத் திரும்பிக் குழாயை மூடுவது இந்த ஞானத்தால்தான். வாயகன்ற வாளி இந்த விதிக்குக் கட்டுப்படாது. தேர்ந்த காதுகள் அதை மதிப்பதில்லை. ஜலதரங்கம் நேரெதிர்ப் பாணி: அங்கே அதிர்வது கிண்ணத்தின் சுவர், நீர் அதற்குச் சுமை. ஆகவே ஊற்ற ஊற்றச் சுருதி இறங்கும்.

மங்களம் நள்ளிரவில், வீட்டுக் குழாயின் தேய்ந்த வாஷர் வழியாக. வாளி நீரில் துளி விழும் ‘டிங்’ ஓசைக்கு மோதலே காரணம் என்று தோன்றும். உண்மையில் மோதல் அநேகமாக மௌனம். துளி விழுந்த பள்ளத்தின் அடியில் சிறைப்படும் காற்றுக்குமிழியே அதிர்கிறது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,260 முறை அதிரும் என்பது, டச்சு அறிவியலாளர் மின்னார்ட் 1933இல் தந்த சூத்திரத்தின் கணக்கு. 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் அதிவேகக் கேமராவும் நீருக்குள் மைக்கும் வைத்து, குமிழி தன்னோடு நீர்ப்பரப்பையும் அதிரச் செய்தே ஓசையைக் காற்றில் ஏற்றுகிறது என்று கண்டனர். பரிகாரமும் சொன்னார்கள்: வாளியில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து ஓசை நின்றுவிடும். வாஷரை மாற்றினாலும் நிற்கும். ஆனால் அதற்கு பிளம்பர் வர வேண்டும் என்பதால், அது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.